ஸ்கூல்லயே போட்டுட்டாங்க

இரண்டரை வருடத்துக்கு முன்பு நடந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையை ஒட்டிய ஒரு புது நகரில், மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்போது எட்டு வயதான எங்கள் மகளை நாங்கள் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே நான்தான் பாடம் நடத்தினேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் காலையில் கணக்கெடுக்க வந்த சுகாதார நர்ஸ், "பாப்பாவுக்கு தட்டம்மை ஊசி போட்டாச்சாம்மா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஏன் போடவில்லை, ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பேச்சு நீளும். "ஸ்கூல்லயே போட்டுட்டாங்க மேடம்" என்றேன். அவர் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

கைக்குழந்தையாக இருந்தபோது ஜுரம் என்று தள்ளிப்போட்ட ஊசி, ஊர் மாறி வந்ததில் விட்டே போயிருந்தது. பள்ளியில் சேர்த்திருந்தால் கார்டைக் கேட்டிருப்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் நானேதான் டீச்சர், நானேதான் ஹெட்மாஸ்டர். யார் கேட்பது?

கீழ்வீட்டுப் பெண் ஏழு மாதக் குழந்தையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். பழைய ஊரில் மகள் பள்ளிக்குப் போனபோது போட்டது என்று நினைத்துக்கொண்டாள் போல. அதற்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஊசி போட வரச் சொல்லிவிட்டு நர்ஸ் போனார்.

மூன்றாவது வாரம் மகளுக்கு ஜுரம், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. கீழ்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வேப்பிலையோடு மேலே வந்தாள். "இன்னாக்கா, அம்மா வந்துகீது, எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டாள். இவளுக்கு ஊசி போடவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் பொய் வெளியாகிவிடும். சொல்லவில்லை.

மகள் பத்தே நாளில் எழுந்து ஓடினாள். அந்தக் குழந்தை பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தது. நான் பார்க்கப் போன அன்று, அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை இருந்ததா என்று டாக்டர் குழந்தையின் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மாடி வூட்டுப் பொண்ணுக்கு வந்துச்சு சார். ஆனா அதுக்கு ஸ்கூல்லயே ஊசி போட்டுட்டாங்க. அதால இருக்காது" என்றாள்.

எனக்காக அவள் வாதாடினாள். நான் ஆரஞ்சுப் பழப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

குழந்தை பிழைத்துவிட்டது. காதுதான் போய்விட்டது. பின்னால் நின்று கைதட்டினால் திரும்புவதில்லை. "எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரிலக்கா" என்று அவள் இன்றும் என்னிடம் வந்துதான் அழுகிறாள். மகளுக்கு விட்டுப்போன ஊசிகளையெல்லாம் அந்த மாதமே போட்டுவிட்டேன். யாருக்குப் பிரயோசனம்?

இப்போதும் மகளுக்கு எல்லாப் பாடமும் நான்தான் நடத்துகிறேன். பொய் சொல்லக் கூடாது என்று ஏதாவது பாடத்தில் வந்தால் மட்டும், அந்தப் பக்கத்தை அவளையே படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.