தெளிவில்லை என்று போட்ட இருபத்தொரு இடங்கள்

1. எண்ணுகிறவர்

ஆக்லாந்தின் மனுகாவ் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை பிழை எண்ணுவது. அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. அதற்கு முன் முப்பத்திரண்டு வருடம் தமிழ்நாட்டில் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் கிணறுகளையும் ஆடுமாடுகளையும் எண்ணியிருக்கிறேன். மகள் குடும்பத்தோடு பிளாட் புஷ்ஷில் குடியேறிய பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று தினமும் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். மகள்தான் பொறுக்க முடியாமல் இந்த வேலையைத் தேடித் தந்தாள்.

டிவி விளையாட்டு நிகழ்ச்சிகளுக்குக் கேப்ஷன் போடும் சிறிய கம்பெனி அது. காது கேளாதவர்கள் திரையின் அடியில் படிக்கும் வரிகள். கேப்ஷனர் ஹெட்போனில் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே அதை மைக்கில் திரும்பச் சொல்வார். கமா, புல்ஸ்டாப் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்ல வேண்டும். மென்பொருள் அதை எழுத்தாக்கும். தவறியதைக் கீபோர்டில் திருத்துவார்.

நான் க்யூ.சி., தரம் சோதிக்கிறவன். ஒவ்வொரு கேப்ஷனரின் வேலையிலிருந்தும் ஆயிரத்து ஐந்நூறு சொற்களை எடுத்து, ஒலியோடு ஒப்பிட்டுப் பிழை எண்ணுவேன். முப்பது பிழை வரை போகலாம், அதாவது தொண்ணூற்றெட்டு சதவீதம். அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை, மூன்று முறை போனால் நேரலைப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். வேலை விசாவில் இருப்பவருக்கு அதற்குப் பொருள் வேறு. விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது.

எங்களுக்கு ரோஸ்டர் போட்டவர் ரதி, யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"ஐயா, இஞ்ச ஆரும் உங்களை விரும்பமாட்டினம். அதை மனசில வையாதேங்கோ."

நான் வைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாமே மனதில் தங்கும்.

2. பனி பார்க்காத இரண்டு பேர்

விதிவிலக்காக என்னோடு பழகியவர் டெக்லன். ஐர்லாந்துக்காரர், வேலை விசாவில் வந்த கேப்ஷனர், வயது முப்பத்துநான்கு. எங்களைச் சேர்த்துவைத்தது குளிர்கால விளையாட்டுகள். ஐரோப்பாவில் மாலையில் நடக்கும் போட்டி எங்களுக்குக் காலை ஆறு, ஏழு மணிக்கு வரும். பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு, மைனஸ் பன்னிரண்டு டிகிரியில் வாயிலிருந்து ஆவி விடுகிறவர்களைப் பார்ப்போம். ஏசி பாதி நாள் வேலை செய்யாது.

நான் பனியை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, ருவாபேஹு மலையில், நாற்பது நிமிடம். டெக்லனின் ஊரிலும் பனி அபூர்வம். நான்கு விரல் உயரம் விழப்போகிறது என்று வானிலையில் சொன்னாலே கடைகளில் பிரெட் தீர்ந்துவிடும் என்பார். இப்படிப்பட்ட இரண்டு பேர் லூஜ், பயத்லான், ஸ்கெலிட்டன் என்று பனி விளையாட்டுகளாக மூன்று குளிர்காலம் தொடர்ந்து பார்த்தோம். கடைசியில் வருகிறவருக்குத்தான் ஆதரவு என்பது அவர் வைத்த விதி. முதலில் வருகிறவருக்கு ஊரே இருக்கிறது என்பது அவர் நியாயம். எங்கள் ஆட்கள் ஓடிய நாற்பத்தொரு போட்டிகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகச் சிறந்த இடம் பதினேழு.

டெக்லனுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை இருந்தன. முதல் தடவை 97.8, இரண்டாம் தடவை 97.7. இரண்டையும் எண்ணியது நான்தான். இரண்டு தடவையும் அவர் மறுநாள் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் எண்ணிக்கையை மாற்ற முடியாது அல்லவா?

3. ஆயிரத்து அறுநூற்று எண்பது மணி நேரம்

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவருடைய நாட்டு மொழியைப் பற்றிக் கேட்டேன். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதில் விழுந்த தொனியில் தமிழில் எழுதுகிறேன்.)

ஐரிஷ் எத்தனை வருடம் படித்தீர்கள் என்றேன். பதினான்கு என்றார். எவ்வளவு தெரியும் என்றேன். ஒன்றும் தெரியாது என்றார்.

எனக்கு அது தாங்கவில்லை. வருடத்துக்கு நூற்றெண்பது பள்ளி நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துப் பேப்பர் நாப்கினில் பெருக்கினேன். ஆயிரத்து அறுநூற்று எண்பது மணி நேரம். அதற்கப்புறம் பூஜ்யமா?

"கழிவறைக்குப் போகலாமான்னு கேக்கத் தெரியும் சுந்தர். அது எங்க நாட்டுல எல்லாருக்கும் தெரியும். செத்தாலும் மறக்காது" என்றார்.

பிறகு கொஞ்சம் பொறுப்பாகவே சொன்னார். அவர் ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வருமாம். மொழி வேண்டும் என்பார்கள், தெருப்பலகையில் இருக்க வேண்டும் என்பார்கள், வெளியாள் யாராவது கேலி செய்தால் சண்டைக்குப் போவார்கள். பேசுங்கள் என்றால் மட்டும் முகம் சிவந்துவிடும். தெரியும் என்று சொன்னால் யாராவது பரீட்சை வைப்பார்கள். தெரியாது என்றால் ஆளை விட்டுவிடுவார்கள். வெளிநாட்டில் பக்கத்து மேசைக்காரரைப் பற்றி ரகசியமாகச் சொல்ல மட்டும் எல்லோருக்கும் திடீரென்று நாலு வாக்கியம் வந்துவிடும்.

விசித்திரம் என்னவென்றால், அதே டெக்லன் செவ்வாய்க்கிழமை மாலைகளில், இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்ய வரும் பெண்மணியிடம் தப்பும் தவறுமாக, உரக்க, வெட்கமே இல்லாமல் பேசுவார். அந்த அம்மாள் சிரிப்பார், இவரும் சிரிப்பார். ஐந்து மாதப் படிப்பு அது.

அதில் மட்டும் எப்படித் துணிச்சல் வந்தது என்று கேட்டேன். "இதுல என்னை யாரும் இன்னும் ஃபெயில் ஆக்கலையே" என்றார்.

4. ஐம்பத்திரண்டு நொடி

அன்று காலை ஸ்கெலிட்டன் போட்டி. தலை முன்னால் போக, சிறிய பலகையில் குப்புறப் படுத்து, பனிக்குழாயில் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விளையாட்டு. அதில் ஐர்லாந்துப் பெண் ஒருத்தி இருந்தாள். டெக்லன் காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. இருபத்தைந்து பேரில் அவள் இருபத்துமூன்றாவதாக வந்தாள்.

ஓடி முடித்ததும் இரண்டு பேட்டி கொடுத்தாள். ஆங்கிலத்தில் கொடுத்தது வழக்கமானது. தடம் வேகமாக இருந்தது, நிறையக் கற்றுக்கொண்டேன் என்றாள். அடுத்து அவள் நாட்டுத் தொலைக்காட்சிக்காரர் ஐரிஷில் கேட்க, ஐரிஷிலேயே ஐம்பத்திரண்டு நொடி பேசினாள். இரண்டும் எங்களுக்கு வந்த ஒளிபரப்பில் இருந்தன. அன்றையது நேரலை அல்ல, பதிவுத் தொகுப்பு; இருபத்தைந்து நிமிடத்தில் அதை மூடி அனுப்ப வேண்டும்.

இதற்கு எங்கள் கையேட்டில் விதி உண்டு. வேற்று மொழி வந்தால் அந்த மொழியில் பேசுகிறார் என்று ஒரு லேபிள் போட்டால் போதும். பிழை பூஜ்யம். மொழிபெயர்த்தால், அதில் வரும் ஒவ்வொரு தவறும் கேப்ஷனர் கணக்கில் ஏறும். டெக்லன் லேபிளைப் போட்டார். சரியான முடிவு. இன்னொரு எச்சரிக்கை வந்தால் அவர் விசா போய்விடும்.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். லேபிளைப் போட்ட பிறகும் அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அந்த ஐம்பத்திரண்டு நொடியைத் திரும்ப ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். மூன்றாவது தடவை நான் கேட்டேன்.

"என்ன சொல்றா?"

அவர் திரும்பாமலே சொன்னார். "முதல்ல தன்னோட ஐரிஷ் மோசம், மன்னிச்சுக்குங்கன்னு சொல்றா. அப்புறம், இதுதான் என் கடைசி ஓட்டம்னு சொல்றா. கோச்சுகிட்டகூட இன்னும் சொல்லலையாம். ஒவ்வொரு தடவையும் மேலே நிக்கும்போது கை நடுங்குமாம். இனிமே நடுங்க வேண்டாம்ங்கிறா. ஊர்ல பனி இல்லாததால, பலகைக்குச் சக்கரம் வச்சு, மழையில கார் நிறுத்துற இடத்துல அண்ணன்தான் தள்ளிவிட்டானாம். அவனுக்கு நன்றி சொல்றா."

"அதை எழுதுங்க."

"எனக்கு ஐரிஷ் தெரியாது சுந்தர்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"இப்ப எனக்கு எந்த மொழியிலேருந்து சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு லேபிளை அழித்தார். பதினோரு வாக்கியம். பத்தை எழுதினார். கை நடுங்கும் என்ற வாக்கியம் வந்ததும் நின்றார், ஆங்கிலத்தில் எழுதினார், அழித்தார், 'பேச்சு தெளிவில்லை' என்று போட்டார். நேரம் முடிந்தது. தொகுப்பு போய்விட்டது.

அவள் விலகுகிற செய்தி அன்று காலை எங்களுக்குத் தெரிந்தவரை ஆங்கிலத்தில் இருந்தது எங்கள் கேப்ஷனில் மட்டும்தான்.

5. 97.6

சோதனைக்கு எந்தத் தொகுப்பு வரும் என்பதை நான் தேர்ந்தெடுப்பதில்லை. கணினி தேர்ந்தெடுக்கும். அந்த வாரம் அது இதையே தேர்ந்தெடுத்தது. ஐரிஷ் பகுதியை எண்ண எனக்கு மொழி தெரியாது. ஆக்லாந்திலேயே இருந்த ஓர் ஐரிஷ் ஆசிரியைக்கு அனுப்பினோம். பொருள் கெடவில்லை, சிறு தவறு ஆறு என்று எழுதினார். தெளிவில்லை என்று போட்ட இடம் மிகத் தெளிவாகக் கேட்கிறது, எளிய வாக்கியம் என்றும் எழுதியிருந்தார். கேட்கிற பேச்சுக்குத் தெளிவில்லை என்று போட்டால் இரண்டு பிழை. மொத்தம் எட்டு.

மற்ற பகுதியில் இருபத்தெட்டு. லேபிளோடு விட்டிருந்தால் தப்பியிருப்பார். இருபத்தெட்டும் எட்டும் முப்பத்தாறு. 97.6.

ரதியிடம் போய்ச் சொன்னேன். நான் தூண்டித்தான் எழுதினார் என்பதையும் சொன்னேன்.

"ஓம், அது எனக்கு விளங்குது. ஆனா உங்கட பேப்பரில நம்பர் அதுதானே ஐயா?" என்றார். நாளை மறுநாள் அறிக்கை மேலே போக வேண்டும், தான் எதையும் ஒளிக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

இரண்டு நாளில் கையேட்டை நான்கு முறை படித்தேன். அவரைக் காப்பாற்ற வழி இல்லை. வேறு வேலை ஓடாததால், டெக்லனின் பழைய இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதுவரை நான் மொத்த எண்ணை மட்டுமே பார்த்திருந்தேன். பிழைகளை வகை பிரித்தது அன்றுதான் முதல் தடவை.

தெளிவில்லை என்று போட்டவை முதல் தாளில் மூன்று, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் பதினொன்று. ஒன்றுக்கு இரண்டு பிழை என்று அவற்றைக் கழித்தால் மிச்சம் நிற்கும் உண்மையான தவறுகள் இருபத்தேழு, இருபத்தொன்று, பதினான்கு.

அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பிறகும் தன் காதை முன்னைவிடக் குறைவாக நம்பியிருக்கிறார். எச்சரிக்கைத் தாளில் கையெழுத்து என்னுடையது.

டெக்லனைக் கூப்பிட்டு, ஏன் என்று சொல்லாமல், அந்த இருபத்தொரு இடங்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினேன். ஆஸ்திரியக் கோச்சின் ஆங்கிலம், நார்வேக்காரரின் ஆங்கிலம், கடைசியில் அந்தப் பெண்ணின் கை நடுக்கம். என்ன சொல்கிறார் என்று மட்டும் கேட்டேன். தேநீர் குடித்துக்கொண்டே பத்தொன்பதைச் சரியாகச் சொன்னார்.

அறிக்கையில் 97.6 என்றே எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு வரிசை எண்களையும், இருபத்தொன்றில் பத்தொன்பது என்பதையும் சேர்த்தேன். ரதி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, ஏழு வருஷமா எண்ணுறீங்கள். இதை இப்பத்தானோ கண்டனீங்கள்?"

ஆமாம் என்றேன்.

அவரே மேலே போய்ப் பேசினார். எச்சரிக்கையை ஆறு வாரம் நிறுத்தி வைத்தார்கள். அதுவரை டெக்லனிடம் ஸ்கோர் சொல்லக்கூடாது என்பது ரதி வைத்த நிபந்தனை. ஆறு வாரம் கழித்து எடுத்த தாளில் தெளிவில்லை இரண்டு. இரண்டுமே நிஜமாகவே கேட்கவில்லை. மொத்தம் 98.9. விசா தப்பியது.

6. கற்றது

டெக்லனிடம் அதற்குப் பிறகுதான் அந்த மூன்று, ஏழு, பதினொன்றைக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எனக்கு ஐரிஷ் சொல்லிக்குடுத்தவரும் நல்ல மனுஷன்தான் சுந்தர்" என்றார். "ஒரு தப்பைக்கூட விடமாட்டார்."

ஓய்வு பெறுவதற்கு முன் எண்ணும் தாளில் கூடுதலாக ஒரு கட்டம் சேர்க்க வைத்தேன். பிழை எத்தனை என்பதற்குப் பக்கத்தில், முயலாமல் விட்டது எத்தனை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரண்டாவது எண் ஏறினால், கேப்ஷனரை விட்டுவிட்டு எண்ணுகிற ஆளைச் சோதியுங்கள்.

வீட்டில் என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. சிறு வயதில் என்னிடம் தமிழில் பேசத் தொடங்குவாள். நான் நடுவில் நிறுத்தித் திருத்துவேன். இப்போது நான் தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். யாராவது கேட்டால் தமிழ் தெரியாது என்கிறாள். அவள் கடைசியாக என்னிடம் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனை நாள் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.