பாசிக்கு மேலே ஒரு சாண்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மன்காரரின் மீன்பிடிச் சோதனையில் ஒரு கேள்வியும் பிழைவிடாமல் நான் தேறிய நாள்வரை, என் கையால் ஒரு மீனையும் பிடித்ததில்லை.

அந்தச் சோதனைக்குப் போகக் காரணம் ஒரு கடிதம். என் மனைவி மன்னாரில் கடல்தொழில் செய்கிறவரின் மகள். கலியாணம் பேசிய காலத்தில் நான் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அதை அவளுக்கு எழுத மனமில்லாமல், ஓய்வு நேரத்தில் ஏரியில் மீன் பிடிப்பதாக எழுதிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பம் கந்தோரில் எழுத்துவேலை பார்க்கிற மேசையைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கம் போனதே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் விசா கிடைத்து வந்து சேர்ந்தவள், இரண்டாம் கிழமையே கேட்டாள்.

"நீங்கள் மீன் பிடிக்கிற இடத்தைக் காட்டுங்கோவன்."

"இஞ்ச பத்திரம் இல்லாமல் தூண்டில் போட ஏலாது. என்ர பத்திரம் முடிஞ்சுபோச்சு."

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. பிறகு அந்தப் பத்திரத்துக்கான சோதனைக்கு ஒளித்து ஒளித்துப் படித்தேன். எங்கள் கல்விமுறையில் ஆயிரம் குறை இருக்கலாம்; விளங்காத ஒன்றை நெட்டுருப் பண்ணுவதில் எங்களை வெல்ல ஆளில்லை. எந்த மீனுக்கு முதுகில் எத்தனை செட்டை என்று நித்திரையிலும் சொல்வேன்.

பத்திரம் கைக்கு வந்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன். தூண்டிலில் இரைக்குப் பதிலாக, கடையில் நானே தெரிந்தெடுத்த பிளாஸ்டிக் மீன். வாய்க்குக் கீழே கரண்டி மாதிரி நீளச் சொண்டு. பெரிய சொண்டென்றால் பெரிய மீன் வரும் என்பது என் கணக்கு. எறிந்து நூலைச் சுற்றினேன். ஒரு பெரும் கட்டுப் பாசி வந்தது. மறுபடி எறிந்தேன். அதைவிடப் பெரிய கட்டு.

"இண்டைக்குக் கீரைக்கறியோ?" என்றாள்.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது, "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கு வேலை கிடக்கு" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் புளுகன் என்று தீர்ப்பு எழுதிவிட்டாளோ? எழுதியிருந்தால் ஒரு மீனைக் கொண்டுபோய்த்தான் அதை அழிக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொண்டுபோகலாம்தான். கடல்காரரின் மகள் செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் மீன் என்று சொல்லிவிடுவாள்.

தனியாகப் போனேன். இரண்டாம் ஞாயிறு பாசி. மூன்றாம் ஞாயிறு பாசி, கூடவே தும்மலும் தடிமனும். பக்கத்தில் மடிப்புக் கதிரையில் இருந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி நாலாம் ஞாயிறுதான் வாயைத் திறந்தார்.

"ஏரியைத் துப்புரவாக்க உங்களை நகரசபையா வைத்திருக்கிறது?"

பேருந்தில் திரும்பும்போது, பூசையில் பதில் மந்திரம் தானாக வருவது போல ஒரு வரி வாயில் வந்தது. 'பாசி நிறைந்த, ஆழமற்ற நீரில்: குட்டைச் சொண்டு.' சோதனைத்தாளில் அதற்குச் சரியான கட்டத்தில் புள்ளடி போட்டவன் நான். அந்தக் கேள்வி என் கையிலிருக்கும் சாமானைப் பற்றியது என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. சொண்டு நீளமென்றால் பிளாஸ்டிக் மீன் ஆழத்துக்கு இறங்கும்; குட்டையென்றால் பாசிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீந்தும்.

ஐந்தாம் ஞாயிறு குட்டைச் சொண்டோடு நின்றேன். தடி நுனியை உயர்த்தி, மெல்லச் சுற்ற வேண்டும். சொண்டு பாசியில் தட்டினால் சுற்றுவதை நிறுத்த வேண்டும்; பிளாஸ்டிக் மீன் தானாக மேலே மிதந்து வரும். அன்றைக்குப் பாசியும் வரவில்லை, மீனும் வரவில்லை. அதுவே முன்னேற்றம் என்று வீடு போனேன்.

ஆறாம் ஞாயிறு மழை. கிழவர்கூட வரவில்லை. விரல் விறைத்தது. எறிந்தேன், சுற்றினேன், நிறுத்தினேன். நூறு தரம் இருக்கும். ஒருமுறை நிறுத்தியபோது நூல் இழுபட்டது. பாசி என்றுதான் நினைத்தேன். ஆனால் பாசி தலையை உதறாது.

பார்ஷ்! உலகமெல்லாம் பேர்போன பாஸ் மீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையான ஏரி மீன். பச்சை உடம்பில் கறுப்பு வரி, சிவந்த செட்டை. முதுகு முள்ளை விரித்து என் உள்ளங்கையில் ஏற்றியது. முதலில் மண்டையில் அடித்து மயக்க வேண்டும் என்பது சட்டம். சோதனையில் எழுதும்போது சுலபமாக இருந்தது. முதல் அடி என் பெருவிரலில் விழுந்தது.

பத்திரிகையில் சுற்றி, மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன். அவள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கத்தியால் செதில் எடுத்தாள். குசினிச் சுவரெல்லாம் செதில். பொரித்து, ஆளுக்குப் பாதி.

"முதல் நாள் நீங்கள் தடியைத் தூக்கினபோதே தெரியும்," என்றாள் சாப்பிட்டுக்கொண்டே, "இந்த ஆள் சீவியத்தில மீன் பிடிச்சதில்லை எண்டு."

"அப்ப ஏன் சொல்லேல்லை நீர்? ஆறு ஞாயிறு குளிரிலயும் மழையிலயும் நிண்டனான்!"

ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"வீட்டில நிண்டா சமைக்க விடாமல் குசினிக்குள்ள வந்து கதைச்சுக்கொண்டெல்லோ நிப்பியள்."