நான் அழித்த பதிவு அழியவில்லை

மாலை ஐந்து இருபதுக்கு என் செல்போனில் அறிமுகமில்லாத ஒருவர், "டீச்சர் ஆறு மணி பஸ்ஸில்தானே வருவாங்க?" என்று கேட்டிருந்தார். கல்வராயன் மலைப் பள்ளியில் வேலை பார்க்கும் என் மகளைத்தான் கேட்கிறார். பேச்சுத்துணை இல்லாமல், அவள் வரும் பஸ் நேரத்தைக் காலையில் அவள் படத்தோடு சமூக வலைத்தளத்தில் நானே எழுதியதுதான். அவள் திட்டுவாள் என்று மதியமே அழித்துவிட்டேன். ஆனால் நாலு பேர் கூடுதலாகப் பேசட்டுமே என்று, பிற தளங்களுக்கும் பதிவு போகும் வசதியை முன்பே போட்டு வைத்திருந்தேன். அங்கே போன நகல் அப்படியே இருந்திருக்கிறது.

மலையில் சிக்னல் இல்லை. ஆறு மணி பஸ்ஸில் அவள் வரவில்லை. அவள் இறங்கும் கச்சிராயபாளையம் நிறுத்தத்திலேயே அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.

இப்போது அந்த வசதியை அணைத்துவிட்டேன். அவள் வரும் நேரத்தை எங்கும் எழுதுவதில்லை.

அன்று அடுத்த பஸ்ஸில் வந்திறங்கியவள், எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "யார் யார்கிட்டயோ சொல்லிக்கினு இருக்கற. வூட்ல நான் ஒருத்தி இருக்கறேன், எங்கிட்ட பேசும்மா."