நுரைக்காத கிணறு

எங்கள் ஊர் ஆற்றுப் படித்துறையில் சோப்பைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நுரை முழங்கை வரைக்கும் ஏறும். அப்பாவின் பேச்சை மீறி தூத்துக்குடிக்கு, அதுவும் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டுக்கு மருமகளாக வந்த எனக்கு முதல் வாரமே அந்த நுரை இல்லாமல் போனது. புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்துவிட்டுச் சட்டை முழுக்க அழுக்கோடு வருவார். கிணற்றுத் தண்ணீரில் சோப்பைப் போட்டால் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது. கூப்பிடு தூரத்தில் கடல், கரை முழுக்க நுரை. என் வாளியில் மட்டும் ஒரு பொட்டு இல்லை.

போலிச் சோப்பை என் தலையில் கட்டிவிட்டார் என்று நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கடைக்கார அண்ணாச்சி குடிதண்ணீர்ப் பானையில் ஒரு செம்பு மொண்டு, அதே சோப்பை நனைத்துத் தேய்த்தார். கை நிறைய நுரை.

“சோப்பு நல்ல சோப்புதான். ஒங்க கெணத்துத் தண்ணி உப்பு. ஆத்தங்கரைப் பிள்ளையோ?”

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தண்ணீரா நானா, பார்த்துவிடுவோம் என்று வீடு வந்து சேர்ந்தேன்.

மாமியாரிடம் கேட்டேன். சலவை சோடா போட்டு வெந்நீரில் ஊறவைத்து, கல்லில் அடித்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்றார். கைத்தோல் உரிந்தது. நான் விடவில்லை.

ஒரு வருஷம் கழித்து அப்பா வந்தார். மாமியாரிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் கிணற்றடியில் குளிக்கப் போனவர், சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“ஏளா, நுரையே வரமாட்டேங்கு. இந்தத் தண்ணியிலயா கெடந்து சீரழியுத? துணிமணிய எடு. நம்ம வீட்டுக்குப் போவோம்.”

“ஒங்க வேட்டியத் தாங்க,” என்றேன்.

பஸ்ஸில் வந்த வேட்டி, ஓரமெல்லாம் புழுதி. அவர் கண் முன்னாலேயே துவைத்தேன். நுரை வரவில்லைதான். நான் அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கடல்காற்றில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது.

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். நான் துணிமணி எதையும் எடுத்து வைக்கவில்லை, எடுப்பதாகவும் இல்லை. வேட்டியை உடுத்திக்கொண்டு வாசல் வரை போனவர் நின்று, அடுப்படியிலிருந்த மாமியார் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தி, பொங்கலுக்குப் பிள்ளைய அனுப்பி வைங்க. ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருவா.”