வலது கைக் கையெழுத்து

என் மனைவி பீச்சாங்கைக்காரி. எங்கள் பக்கத்தில் இடது கைக்கு அதுதான் பெயர். சாப்பிடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவளுக்கு அந்தக் கைதான். கோலம் போடுவதும் அதில்தான், எழுதுவதும் அதில்தான். பி.ஏ. படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் எழுதிய மளிகைச் சீட்டைக் கசக்கிப் போடக்கூட மனசு வராது.

கெடாருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை பார்ப்பவன். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருபவன். தலைவராக வேண்டும் என்று பல வருடங்களாகக் கனவு கண்டவன் நான். என்னால் நிற்க முடியாது என்றானதும் அவளை நிறுத்தினேன்.

மனுத் தாக்கலுக்கு ஒரு வாரம் முன்பு நோட்டை விரித்து உட்கார வைத்தேன். "அங்க பத்து பேரு பாப்பாங்க. பீச்சாங்கையால கையெழுத்து போட்டா அபசகுனம்னு கதை கட்டி வுட்டுடுவானுங்க. சோத்தாங்கையால பழகிக்கோ."

அவள் பீரோவைத் திறந்து காட்டினாள். கதவின் உட்பக்கம் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம். ஏதோ வெளிநாட்டுத் தலைவர், பெரிய மேசை, இடது கையில் பேனா, சுற்றிலும் கோட்டு போட்டவர்கள் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"இவரு ஒரு நாட்டுக்கே இந்தக் கையால போடுறாருங்க. நான் நம்மூரு தெரு லைட்டுக்குப் போடக் கூடாதா?"

"அவரு நம்மூர்ல ஓட்டு கேக்கலியே" என்றேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே பெருமை. அவள் பீரோவை மூடிவிட்டு நோட்டின் முன் உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் கையெழுத்து மட்டும் வந்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டதுபோல. வேறு ஓர் எழுத்தும் அந்தக் கைக்கு வரவில்லை. அது போதும் என்றேன்.

ஓட்டு கேட்கப் போகும்போது நோட்டீஸ் கட்டை அவளுடைய இடது கையில் இடுக்கிவிட்டேன். காலியாக இருந்தால்தானே அந்தக் கை நீளும் என்பது என் கணக்கு. மூன்றாம் நாள் கட்டு இளைத்துவிட்டது. ஒரு வயதான அம்மாவுக்கு அவள் தன்னை மறந்து இடது கையால் நோட்டீஸை நீட்டினாள். அந்த அம்மா வாங்காமல் உள்ளே போய்விட்டார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"எத்தினி தபா சொல்லிக்கினே இருக்கறது? அந்தக் கைய வெட்டிப் போட்டாத்தான் அடங்குவியா?"

நடுத்தெருவில், இருபது பேருக்கு முன்னால் சொன்னேன். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

ஜெயித்தாள். பதவியேற்ற அன்று போட்ட கையெழுத்தையே ஐந்து வருடமும் போட்டாக வேண்டும் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் அப்போது ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் சாலைக்கும் அவளே இடது கையால் அழகாக மனு எழுதுவாள். அடியில் வலது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடுவாள். அதைப் பார்த்தவர்கள், மனுவை நான் எழுதியதாகவும் தலைவருக்குப் படிப்பு வாசனையே இல்லை என்றும் முடிவு கட்டினார்கள். ஒருமுறை ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரி காகிதத்தை அவளைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே படிச்சு அவங்களுக்கு வெளங்க வைங்க சார்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, அவங்க பி.ஏ. சார் என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். காகிதத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பதவி முடிந்த அடுத்த வருடம் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டி, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். பேச முடியாது. நர்ஸ் ஊசியோடு வந்து, "எழுதற கை எது? இன்னொரு கையில போடணும்" என்றார்.

"சோத்தாங்கைதாம்மா" என்றேன். ஐந்து வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னது தானாக வாயில் வந்துவிட்டது. அவள் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். நர்ஸ் நரம்பு கிடைக்காமல் தேடித் தேடி ஊசியை ஏற்றி, இடது கையை அட்டையில் வைத்துக் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பேப்பரும் பேனாவும் வேண்டும் என்று சாடை காட்டினாள். கொடுத்தேன். இடது கையை அட்டையோடு தூக்கப் பார்த்தாள்.

"கைய ஆட்டாத, ஊசி கழண்டுக்கும்" என்று அந்தக் கையை அமுக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு வலது கையால் எழுதினாள். வெகுநேரம் எழுதினாள். வாங்கிப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்பறம் படிக்கிறேன், நீ தூங்கு" என்றேன். அன்று மத்தியானம் போய்விட்டாள்.

அந்தக் காகிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தாயிற்று, பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தாயிற்று. ஆறு வரி. எல்லாம் வெறும் கிறுக்கல். எனக்கு என்னதான் சொல்ல நினைத்தாளோ தெரியவில்லை. அடியில் இருக்கும் கையெழுத்தை மட்டும் படிக்க முடிகிறது. அது நான் பழக்கியது.