இருசப்பனின் கொழுப்பு

மலேசியாவில் அசாம் ஜாவா பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்த இருசப்பன், என் தங்கை புஷ்பவள்ளியின் வீட்டுக்காரர். லோரி சேற்றில் புதைந்தால் டிரைவர்கள் ஜாக்கியைத் தேட மாட்டார்கள், அவரைத்தான் தேடுவார்கள். ஒருமுறை லோரிக்குள் டிரைவர் தூங்குவது தெரியாமல் அப்படியே தூக்கித் தார் ரோட்டில் வைத்துவிட்டார் என்று சொல்வார்கள். சொல்வது நான் ஒருத்திதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் பட்டினி கிடந்தால் மட்டும் சுருண்டுவிடுவார். மகள் லீலாவதி நல்லபடியாகப் பிறந்தால் எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்து மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து வந்த இரண்டு திருவிழாவிலும் விரதத்திலேயே விழுந்தார். தொடை இறுகிப்போகும், சிறுநீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் வரும், கரகம் வேறொருவர் தலைக்குப் போய்விடும். அம்மன் இவரை ஏற்கவில்லை என்று லயம் பேசியது. பேச்சை அவர் பொறுத்துக்கொண்டார். பிள்ளைக்காக வேண்டியது நிறைவேறாமல் நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எண்பத்து நான்கில் புஷ்பவள்ளி அவரைக் கோலாலம்பூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் தொடைத் தசையில் கடுகளவு வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பதில் வந்ததும் தமிழ் பேசும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னஞ்சிறு உலைகள் இருக்கின்றனவாம். சாப்பிட்டவுடன் அவை பெரும்பாலும் சர்க்கரையை எரிக்கும். பட்டினியானால் கொழுப்புக்கு மாறும். ஆனால் கொழுப்பு தானாக உள்ளே நுழையாது, கைபிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டும். இவருக்குப் பிறவியிலேயே அந்த ஆள் சரியில்லை. சர்க்கரைக்கு வாசல் வேறு, அதில் பழுதில்லை.

ஆலையில் பாய்லருக்குத் தீனி செம்பனை நார். இருசப்பனுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"நார் மலையாக் கெடக்கு, உள்ள தள்ளுற கன்வேயர் ஓடல. பாய்லர் ஆறிப்போவுது. அதானேம்மா?"

"அதேதான். இனிமே நீங்க பட்டினியே கிடக்கக்கூடாது."

ஊர் திரும்பியதும் புஷ்பவள்ளி பூசாரி காளியண்ணனிடம் ஓடினாள்.

"மாமா, அவருக்குக் கொழுப்பு எரிய மாட்டேங்குதாம். அதான் விரதம் தாங்கல."

பூசாரி காதில் முதல் பாதி மட்டுமே விழுந்தது. "கொழுப்புன்னு டாக்டரே சொல்லிட்டாங்களா? நான் ரெண்டு வருசமா சொல்றேன் லா. திமிரு புடிச்சவன் தலையில கரகம் ஏறாது."

கோலாலம்பூரில் இருசப்பனின் திமிரை அறுத்துப் பிளேனில் ஏற்றிவிட்டார்கள் என்று சாயங்காலமே லயம் முழுக்கச் செய்தி. இதை நான் கட்டவில்லை, சத்தியம்.

இருசப்பன் சண்டைக்குப் போகவில்லை. வாரக் கடைசியில் பாய்லரை அணைக்கும் நேரமாகப் பார்த்துக் காளியண்ணனை ஆலைக்கு அழைத்துப்போனார். கன்வேயர் நின்றது. வாயிலில் நார் ஆளுயரம் குவிந்து கிடக்க, உள்ளே நெருப்பு மங்கி, நீராவி முள் இறங்கிக்கொண்டே வந்தது.

"என் உடம்புல கொழுப்பும் இப்படித்தான் உள்ள போவாம வெளிய நிக்குது. இப்ப இந்தப் பாய்லருக்குத் திமிராங்க மாமா?"

காளியண்ணன் குனிந்து அந்த முள்ளைப் பார்த்தார். பிறகு சர்க்கரையாவது உள்ளே போகுமா என்று கேட்டார். போகும் என்றார் இருசப்பன்.

"அப்ப பானகம் குடி. சர்க்கரைப் பொங்கல் சாப்பிடு. அம்மனுக்குப் படைச்சுட்டு நானே தர்றேன். பிரசாதம் சாப்பிட்டா விரதம் முறியுதுன்னு எவன் சொல்றான், பார்ப்போம்."

டாக்டரம்மாவும் அரை மனதாகச் சம்மதித்தார். வேகமாக நடக்கக்கூடாது, தொடை பிடித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பது நிபந்தனை.

திருவிழாவன்று காளியண்ணன் பானகச் செம்போடு கூடவே நடந்தார். இருசப்பன் நின்றால் ஊர்வலமும் நின்றது. மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்தது. எங்களைப் பின்னாலிருந்து ஒரு நத்தை முந்திப்போனதை நானே பார்த்தேன். ரோட்டின் பெரிய வளைவில் இருசப்பனுக்குத் தொடை பிடிக்கத் தொடங்கியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. காளியண்ணன் ஊற்றினார், இவர் குடித்தார், மொத்த லயமும் வெயிலில் காத்து நின்றது.

ஒருவழியாகச் சந்நிதியில் கரகம் இறங்கியது. விழுந்து கும்பிடச் சொல்லி லீலாவதியை முன்னே தள்ளினாள் புஷ்பவள்ளி. அந்தக் குட்டி அம்மனை விட்டுவிட்டு அப்பாவின் காலில் விழுந்தது.

காளியண்ணன்கூட அவளைத் திருத்தவில்லை.