வியாழக்கிழமை மீன் குழம்பு

எங்கள் கல்லூரி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். சூடாக இருக்கும். நேரத்துக்கு வரும். வியாழக்கிழமை மீன் உண்டு. மற்றபடி திங்கட்கிழமை சாம்பார், செவ்வாய்க்கிழமை அதே சாம்பாரில் கத்தரிக்காய், புதன்கிழமை அதே கத்தரிக்காய் கொஞ்சம் புளியை வாங்கிக்கொண்டு காரக்குழம்பு என்ற பெயரில் வரும். உப்புமாவை வைத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம். ஒருத்தி ஒட்டியும் காட்டினாள். ரசத்தில் ஒரு தக்காளித் தோல் கிடைத்தவளுக்கு அன்றைக்கு யோகம் என்று அர்த்தம்.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் நாற்பது பெண்கள் ஆசிரியப் பயிற்சி படித்த சின்ன இடம் அது. இப்போது அது இல்லை. மெஸ் மட்டும் பின்பக்கம் தனியாக, ஒல்லாந்தர் காலத்துக் கிடங்கு என்று சொல்லப்பட்ட ஒரு நீளக் கூடத்தில் இருந்தது. சுவரின் கனத்தில் ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம். உச்சி வெயிலிலும் உள்ளே ஈரம் இருக்கும். வெளியே எவ்வளவு கத்திக்கொண்டு வந்தாலும் வாசற்படி தாண்டியதும் குரல் தானாக இறங்கிவிடும். யாரும் சொல்லித் தரவில்லை, எல்லோருக்கும் இறங்கியது.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒல்லாந்தர் கல்லறை தெரியும். அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். "நம்ம மெஸ்ல ரெண்டு வருசம் துன்னுட்டுப் பாஸ் பண்ணவங்க" என்று முதல் நாளே சீனியர்கள் எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். சிரித்தோம். ஆனால் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் பசியாவரத்துப் பெண். ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு எங்கள் ஊர். மெஸ்ஸில் இரண்டாம் முறை சோறு வாங்கினால் போதும், "பசியாவரத்துக்குப் பசி ஆறலடி" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், மேசை முழுக்கச் சிரிக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த கோபத்தில் மூன்றாம் முறையும் வாங்கிச் சாப்பிடுவேன்.

சமையல் செய்ததும் பரிமாறியதும் ஒரே அம்மாள். கரையோரக் குப்பத்துக்காரர், நாங்கள் அக்கா என்போம். அதிகம் பேச மாட்டார். நாற்பது தட்டில் யாருக்குத் தலைத்துண்டு பிடிக்கும், யாருக்கு வால், யார் முள்ளுக்குப் பயப்படுவார்கள் என்பதெல்லாம் அவர் கரண்டிக்கே தெரியும். கூடத்துக்குப் பின்னால் அவர் மீன் அறுக்கிற கல்லின் அடிப்பக்கம் ஏதோ எழுத்து இருந்தது, நம் எழுத்து இல்லை. "யாரு பேரோ. பேரு மேல கத்தி வைக்கக்கூடாதுனு கவுத்துப் போட்டுட்டேன்" என்றார் ஒருமுறை. எந்தக் குழியின் தலைமாட்டிலிருந்து வந்த கல்லோ.

அவர் வைக்கிற மீன் குழம்பு ஒன்றுதான் அந்த மெஸ்ஸில் சாப்பாடு என்று சொல்லத்தக்கது. ஆனால் அதை அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. உப்பு எப்படிச் சரியாக விழுகிறது என்று சீனியர்கள் ஆச்சரியப்படுவார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. அவர் வீட்டில் மீன் நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது என்று எங்கள் ஊரில் தெரியும்.

இதை விளக்க வேண்டும். கடலோ ஏரியோ ஒரு ஆளைக் கொண்டுபோய்விட்டால் எங்கள் பக்கத்தில் 'காணோம்' என்று சொல்ல மாட்டார்கள். 'அந்த வீட்ல மீன் நிறுத்திட்டாங்க' என்பார்கள். ஆள் கரைக்கு வரும்வரை, உயிரோடோ வேறு விதமாகவோ, அந்த வீட்டார் மீனை வாயில் வைக்கக்கூடாது. ஏன் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. வராமலே போனால் வருடம் திரும்பிய பிறகு வேண்டுமானால் தொடங்கலாம். அக்கா தொடங்கவில்லை. இதில் கொடுமை ஒன்று உண்டு. செய்தி தெரிந்த நேரத்திலிருந்து அல்ல, தண்ணீர் ஆளை எடுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டார் யார் வாயிலாவது மீன் இறங்கிவிட்டால், தெரியாமல் இறங்கினாலும் சரி, ஏரி ஆளைத் திருப்பித் தராது. நான் மூடநம்பிக்கைக்கு எதிராகக் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கியவள். இதை மட்டும் நம்பினேன்.

அது கார்த்திகை மாத வியாழக்கிழமை. வாடைக் காற்று விடியற்காலையில் கொஞ்ச நேரம் முரட்டுத்தனமாக அடித்துவிட்டு நின்றுபோனது. மத்தியானம் ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. மடவை மீன் குழம்பு. அக்கா வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் இருந்தவளுக்கு நடுத்துண்டு விழுந்தது. என் தட்டுக்கு மேல் வந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு குழம்பு வாளிக்கே திரும்பிப் போனது. அடுத்தவளுக்குப் போட்டார்.

"அக்கா, எனக்கு?"

"உனக்கு ரசம் ஊத்தறேம்மா."

"ஏன், மீன் தீந்துட்ச்சா?"

வாளி நிறைய மீன் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னான்னு தெர்லம்மா. உனக்குப் போடக் கை வரல. இன்னிக்கு ஒரு நாள் வுட்டுடு."

"பசியாவரம் பட்டினிடி" என்று எதிரே ஒருத்தி சொன்னாள். மேசை சிரித்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தீவுக்காரி என்று இளக்காரமா என்று நினைத்தேன். எழுந்து அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, இரண்டு துண்டு எனக்கு நானே போட்டுக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாளியோடு அங்கேயே நின்றார். கூடத்தில் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை, முள்ளைத் தட்டோரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. வீம்புக்கு விரலையும் சப்பினேன்.

மறுநாள் காலை உப்புமா நேரத்தில் சித்தப்பா மெஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் எழுந்து போனதும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஊட்ல மீன் நிறுத்தியிருக்குதும்மா."

நைனா, என் அப்பா, வியாழக்கிழமை விடியுமுன் முகத்துவாரத்துப் பக்கம் வலை போடப் போயிருந்தார். சாயந்திரம் ஆகியும் வராத பிறகுதான் தேடப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மெஸ்ஸுக்கு மீன் வந்ததும் காலை பத்து மணிக்கே, யாரும் தேடத் தொடங்குமுன். அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த வாசலில் எனக்கு முதலில் நைனா முகம் நினைவுக்கு வரவில்லை. தட்டோரம் கிடந்த முள்தான் வந்தது.

படகில் ஊருக்குப் போகும்போது சித்தப்பா மிச்சத்தைச் சொன்னார். நைனாவின் படகு முகத்துவாரத்துக்கு உள்ளே, மணல் திட்டில், யாரோ கட்டி வைத்ததுபோல ஆடாமல் நின்றிருக்கிறது. வலை போட்டிருக்கவில்லை. தூக்குச்சட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த பழைய சோறும் முந்தின நாள் மீன் குழம்பும் திறக்காமலே இருந்திருக்கின்றன. காலைக் கஞ்சி நேரத்துக்கு முன்பே ஏரி அவரை எடுத்திருக்கிறது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் மத்தியானம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அழுகை இல்லை, ஆள் கிடைக்கும்வரை அழக்கூடாது. அம்மா அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பார்த்தாள், அவ்வளவுதான்.

"நேத்து மத்தியானம் இன்னா துன்ன?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஏரியில் அப்போதும் பதினைந்து படகுகள் தேடிக்கொண்டிருந்தன. மீன் என்று சொன்னால் அந்தப் படகுகள் திரும்பிவிடும் என்று எனக்குப் பட்டது.

"ரசம் சோறும்மா" என்றேன்.

அம்மா முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு நாள் தேடினார்கள். நைனா வரவில்லை.

நான் விடுதிக்குத் திரும்பியபோது என்னை யாரும் கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வியாழக்கிழமைகளில் அக்கா எனக்கு ரசம் ஊற்றிவிட்டுப் போவார். ஒரு நாள் அந்த மீன் அறுக்கிற கல்லருகே போய் நின்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கை வரல, அவ்ளோதான். எங்க ஊட்டுக்காரர் போன அன்னிக்கும் இப்டித்தான். அன்னிக்கு எனக்கு நானே போட்டுக்கக் கை வரல." தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினார். "நான் துன்னல. அப்பவும் அவரு வரலயே."

அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை. பயந்துபோய் ஓடி வந்துவிட்டேன்.

மறு கார்த்திகையில் வருடம் திரும்பியது. திதி முடிந்து மறுநாள் நானும் அம்மாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். அம்மா மடவை வாங்கி வந்து குழம்பு வைத்தாள். தொடங்கிவிடலாம் என்று அவள்தான் முடிவு செய்தாள். சட்டியை நடுவில் வைத்து, எனக்கு ஒரு துண்டு போட்டாள். வாசனை வந்ததும் என்னால் முடியவில்லை.

"அம்மா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நைனா போன அன்னிக்கு மத்தியானம் மெஸ்ல மீன் துன்னேன். அக்கா வேணாம்னுச்சு. புடுங்கித் துன்னேன்."

திட்டுவாள், அடிப்பாள், எதற்கும் தயாராக இருந்தேன். அம்மா கரண்டியைச் சட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"நானுந்தான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவருக்குக் கட்டிக் குடுத்தது போக ரெண்டு துண்டு மீந்துச்சு. மத்தியானம் சட்டியாண்ட ஒக்காந்தேன். எடுக்கக் கை வரல. இன்னாடா இதுன்னு ஒக்காந்துனே இருந்தேன். பசி. எடுத்துத் துன்னுட்டேன்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், இன்னும் எதுவும் சாப்பிடாத வாயை. "நீயும் துன்னேன்னு சொல்லுவியோனுதான் அன்னிக்குக் கேட்டேன். நீ ரசம்னுட்ட. அப்போ நான் ஒருத்திதான் அவர வராம பண்ணிட்டேன்னு இருந்தேன், இம்மா நாளும்."

ஒரு வருடம். என் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு என் அம்மா ஒரு வருடம் தனியாக இருந்திருக்கிறாள். நைனாவை ஏரி எடுத்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும். இதை நான் செய்தேன்.

தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். குழம்பை அன்று யாரும் தொடவில்லை.